நயினார் லாரிக்கு டர்போ

ரிஷப நயினாருக்கு வாழ்க்கையில் பெரிய ஆசை எதுவும் கிடையாது. பொழுது சாய்வதற்குள் வீடு போய்ச் சேர்ந்து ராத்திரிச் சாப்பாட்டை வெளிச்சத்திலேயே சாப்பிட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். மேல்சித்தாமூரில் அவருடையது சமணக் குடும்பம். இருட்டிய பிறகு அந்த வீட்டில் யாரும் வாயில் பருக்கை வைக்க மாட்டார்கள். அஷ்டமி, சதுர்த்தசி என்றால் மதியச் சாப்பாட்டோடு சரி. இதிலெல்லாம் நயினாருக்கு ஒரு மறுப்பும் இல்லை. மறுப்பெல்லாம் லாரிக்குத்தான்.

அவரே ஓட்டுகிற நாலு சிலிண்டர் லாரி. காலையில் வல்லத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை ஏற்றி, திருவண்ணாமலை எண்ணெய் மில்லில் இறக்கிவிட்டு, புண்ணாக்கு ஏற்றிக்கொண்டு திரும்பும். திரும்பும் என்று சொல்வதே பெருந்தன்மை. மேடு வந்தால் போதும், பால் கேன் கட்டிய மொபெட்டுகள் எல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு முந்திப் போகும். செஞ்சிக் கோட்டையைத் தாண்டும்போதே சூரியன் மலைக்குப் பின்னால் போய்ப் படுத்திருக்கும். வீட்டில் மனைவி ஜெயமாலா பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்திருப்பாள். நயினாரும் படுத்துவிடுவார். வயிறு மட்டும் படுக்காது.

“டர்போ வெச்சிருவோம் நயினாரே,” என்றார் வீராசாமி. செஞ்சியில் திண்டிவனம் ரோட்டில் லாரிப் பட்டறை வைத்திருப்பவர்.

“அது இன்னா பண்ணும்?”

“இப்ப உங்க வண்டி தானா மூச்சு இழுக்குது. டர்போ வெச்சா, வெளிய போற பொகையோட வேகத்துலயே ஒரு காத்தாடி சுத்தி, காத்த அமுக்கி உள்ள தள்ளும். காத்து ஜாஸ்தின்னா டீசல் ஜாஸ்தி, இழுவை ஜாஸ்தி. சூரியன் இருக்கும்போதே நீங்க எலை போட்டு குந்திடலாம்.”

இலை என்ற ஒரு வார்த்தையில் மனுஷன் விழுந்துவிட்டார்.

சும்மா நாலு போல்ட் போட்டு மாட்டுகிற சங்கதியா அது? பழைய இன்ஜின் அந்த அழுத்தத்தைத் தாங்காது என்று வீராசாமி இன்ஜினையே கீழே இறக்கினார். பிஸ்டன், ரிங், லைனர் எல்லாம் புதுசு. ஹெட்டை லேத்துக்கு அனுப்பி மட்டம் பார்த்து, நல்ல கேஸ்கட்டாகப் போட்டு இறுக்கினார். டர்போவுக்குத் தனியாக ஒரு ஆயில் குழாய் இழுத்தார். நயினார் தினமும் வந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பிரசவ வார்டு வாசலில் காத்திருக்கிற ஆள் மாதிரி எட்டி எட்டிப் பார்த்தார்.

வேலை முடிந்தது. பட்டறையிலிருந்து வீடு வரை வண்டி பறந்தது. நயினாருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஆனால் கிளம்பும்போது வீராசாமி சும்மா இருந்திருக்கலாம். “ஒரு ரூம் காத்த அப்டியே உறிஞ்சிடும் பாருங்க!” என்று பெருமை அடித்திருந்தார். அது நயினாரின் மண்டையைக் குடைய ஆரம்பித்தது.

காற்றோடு கொசு போகுமே? ஈசல் போகுமே? சாயங்காலம் ஏரிக்கரையில் கும்பலாகப் பறக்கிற பொடிப் பூச்சி என்ன ஆகும்? தன் ஒரு வயிற்றுக்காக இத்தனை உயிரா! தரையில் எறும்பு ஊர்ந்தால் தூக்கிய காலைக் கீழே வைக்கத் தெரியாமல் நிற்கிறவர் அவர். சத்தம் போடாமல் சமையற்கட்டுக்குள் போனார். குடிதண்ணீர் வடிகட்டுவதற்கென்று ஜெயமாலா வைத்திருந்த கெட்டி வெள்ளைத் துணியை எடுத்தார். தண்ணீருக்கு மடிப்பது போலவே மடித்து, புண்ணியத்துக்கு இன்னொரு மடிப்பும் மடித்தார். கேபினுக்குப் பின்னால் உயரத்தில், காற்று உள்ளே போகிற குழாயின் வாயில் அதைப் போட்டுச் சணலால் இறுக்கிக் கட்டினார். மனசு குளிர்ந்துபோயிற்று.

மறுநாள் லோடு ஏற்றினால் வண்டி இழுக்கவே இல்லை. பின்னால் வந்தவர்களுக்கு ரோடு தெரியாத அளவுக்குக் கரும்புகை. மேட்டில் மொபெட் முந்தியது போதாதென்று ஒரு எருமையும் முந்தியது. நயினார் பட்டினி.

வீராசாமி டீசல் பம்ப்பைப் பார்த்தார், வால்வைப் பார்த்தார், டர்போவைக் கழற்றி ஊதிப் பார்த்தார். இன்ஜினுக்குள் தலையை விட்டவர் மேலே எதற்கு அண்ணாந்து பார்க்கப் போகிறார்? நயினாரும் சொல்லவில்லை. தர்மம் செய்ததை யாராவது வெளியே சொல்லிக்கொள்வார்களா? தினமும் பட்டறை, தினமும் பட்டினி. பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை.

“என் கை மேலயே எனக்கு சந்தேகம் வந்துடுச்சி. திரும்ப இன்ஜின இறக்கிடறேன்,” என்று வீராசாமி செயினை மாட்டப்போன அன்றைக்கு, செஞ்சிக் கடைத்தெருவில் சாமான் வாங்க லாரியிலேயே வந்திருந்தாள் ஜெயமாலா. கேபினிலிருந்து இறங்கியவள் தற்செயலாக அண்ணாந்து பார்த்தாள்.

“அட கர்மமே! தண்ணி வடிகட்டுற துணிய வீடெல்லாம் தேடறேன், லாரி மூக்குல கட்டி வெச்சிருக்கீங்களே! உங்க மூக்குல இப்டிக் கட்டினா நீங்க மூட்டை தூக்குவீங்களா?”

நயினார் பூச்சிகளைப் பற்றி மென்று விழுங்கிச் சொன்னார். வீராசாமி கீழே கிடந்த டயரின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“பூச்சிய காப்பாத்தி என்னைக் கொன்னுட்டீங்களே நயினாரே!”

துணியை மட்டும் அவிழ்க்க நயினார் சம்மதிக்கவில்லை. பட்டினி கிடந்தாலும் கிடப்பேன் என்று நின்றார். கடைசியில் வீராசாமி தலையில் அடித்துக்கொண்டு, அண்டா அளவுக்கு ஒரு கம்பிக் கூண்டு பற்றவைத்து, சுற்றிலும் கொசுவலை போர்த்தி, துணிக்குப் பதிலாகக் குழாய் வாயில் மாட்டிவிட்டார். லாரி தலைப்பாகை கட்டிய மாப்பிள்ளை மாதிரி இருந்தது. காற்றும் தாராளமாகப் போயிற்று, பூச்சியும் போகவில்லை.

மறுநாள் திரும்புகையில் வண்டியா அது! மேட்டில் மொபெட்டுகளை எல்லாம் முந்தினார். எருமையைப் பார்த்து ஹாரன் அடித்தார். கோட்டையைத் தாண்டும்போது வெயில் இன்னும் சுள்ளென்று அடித்தது. நயினார் ஸ்டியரிங்கைத் தட்டிக் கொடுத்தார். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, கைகால் கழுவி, நேரே கூடத்தில் போய் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“ஜெயா, எலை போடு!”

ஜெயமாலா சுவரில் இருந்த காலண்டரைக் காட்டினாள்.

“இன்னிக்கி சதுர்த்தசிங்க. மதியம் கட்டிக் குடுத்ததோட சரின்னு காலையிலயே சொன்னனே. டர்போ நெனப்புலயே தலையாட்டிட்டுப் போனீங்க.”

தினமும் பட்டினி கிடந்தவருக்கு நோன்பு நாள் எது என்று மறந்தே போயிருந்தது. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. வீராசாமிதான்.

“இன்னா நயினாரே, சாப்டாச்சா?”

நயினார் வாசலைப் பார்த்தார். வெளிச்சம் தாராளமாகக் கொட்டிக் கிடந்தது.

“வண்டி மேல ஒரு குத்தமும் சொல்ல முடியாது வீராசாமி,” என்றார். “நாளைக்கும் இதே மாதிரி ஓடுமில்ல?”