ஆய்வகத்துக்குள் காப்பி மூட்டை

திரையில் ஒரு பெண் விஞ்ஞானி, மகள் சுற்றிவிட்ட பம்பரத்தைப் பார்த்தே, வானத்தில் தடுமாறிய விண்கலத்தை நிமிர்த்தும் வழியைக் கண்டுபிடித்துவிட்டாள். பள்ளிக்கூட ஹாலில் விசில் பறந்தது. பெண்பிள்ளைகள் அம்மாவோடு வந்து பார்க்கவேண்டும் என்று தலைமையாசிரியர் சந்திரசேகர் சொல்லியிருந்ததால், காப்பி எஸ்டேட்டில் அரைநாள் லீவு விட்டிருந்தார்கள்.

சுதாராணிக்கு விசில் காதில் விழவில்லை. அந்த விஞ்ஞானிகள் நின்ற அறையையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். வரிசையாக மேசைகள், கண்ணாடிச் சீசாக்கள், பித்தளைக் கருவிகள்.

"இந்த மாதிரி ரூம் உங்க பள்ளிக்கூடத்துலயும் இருக்குதா கண்ணு?" என்று பக்கத்திலிருந்த மகள் கவிப்பிரியாவிடம் கேட்டாள்.

"இருக்குதும்மா. அந்தக் கடைசிப் பச்சைக் கதவு. பொங்கலுக்கு முந்தியே பூட்டிட்டாங்க."

"அடுத்த வாரம் உனக்குப் பிராக்டிகல் பரீட்சைன்னியே?"

"அதுக்கென்ன, மார்க் போட்டுருவாங்க."

அந்தப் பச்சைக் கதவு சுதாராணிக்குத் தெரியும்.

ஜனவரியில் காலம் தப்பிய மழை. களத்தில் காய்ந்துகொண்டிருந்த காப்பியை அள்ளிப் பள்ளிக்கூடத்தில் வைக்கச் சொல்லி, எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் மரியஜோசப் விரட்டினார். பெற்றோர் சங்கத் தலைவர் எஸ்டேட் முதலாளியேதான், யாரும் மறுக்கவில்லை. பச்சைக் கதவைத் திறந்ததும் உள்ளே அமில நெடி. "காப்பி எந்த வாசத்தையும் இழுத்துக்கும். அந்தக் கழுதையையெல்லாம் முதல்ல வெளிய தள்ளுங்க" என்றார் ரைட்டர். தள்ளியது சுதாராணி. சீசாக்களையும் கருவிகளையும் சாக்கில் கட்டி, கக்கூசுக்குப் பின்னாலிருந்த ஷெட்டில் போட்டாள். அது யாருடைய அறை என்று கேட்கத் தோன்றவில்லை. மூத்தவள் இதே பள்ளியில்தான் படித்தாள், இளையவள் படித்துக்கொண்டிருக்கிறாள். அப்படியும் தோன்றவில்லை.

மூத்தவள் புவனேஸ்வரி சேலத்துக் கல்லூரியில் இயற்பியல் சேர்ந்து மூன்றே வாரத்தில் திரும்பி வந்தவள். எந்தக் கருவியையும் எடுக்கத் தெரியாமல் நின்றாளாம். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்களாம். இப்போது அம்மாவுக்குப் பக்கத்து வரிசையில் காப்பிப் பழம் பறிக்கிறாள். அந்தச் சிரிப்பைப் பற்றி அதன் பிறகு வீட்டில் ஒரு வார்த்தை கிடையாது.

படம் முடிந்தது. சில அம்மாக்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "யாராவது ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றார் சந்திரசேகர்.

சுதாராணி எழுந்தாள். "ஏனுங்க சார், அந்தப் பச்சைக் கதவைத் தொறங்க."

"அதை அப்புறம் பாத்துக்கலாம்மா. படம் எப்படி இருந்துச்சு?"

"நொம்ப நல்லா இருந்துச்சுங்க. அதனாலதான் தொறக்கச் சொல்றேன்."

"பிராக்டிகலைப் பத்திக் கவலையே வேணாம். எல்லாருக்கும் முப்பதுக்கு முப்பது."

"எம் பெரிய புள்ளைக்கும் முப்பதுதானுங்க போட்டீங்க. அவ இப்ப எங்க இருக்கான்னு தெரியுங்களா?"

கதவோரம் நின்றிருந்த மரியஜோசப் குறுக்கிட்டார். "சுதா, நாளைக்கு வேலைக்கு வரோணுமா வேணாமா?"

"வேணாமுன்னா எங்க கூடையை நீங்களே கட்டிக்கிட்டுப் பறிங்க ரைட்டரே" என்றாள் பின்னாலிருந்து, அவளோடு பழம் பறிக்கும் பொன்னாயி. "இடுப்பு நல்லாத்தானே இருக்குது?"

சிரிப்பு எழுந்தது. சுதாராணி சிரிக்கவில்லை. நடந்து போய்ப் பச்சைக் கதவின் முன் நின்று சாவிக்குக் கையை நீட்டினாள். பின்னால் வந்த மரியஜோசப் தலைமையாசிரியரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். கடைசியில் ரைட்டர் சாவியைக் கொடுத்தார்.

மூட்டைகளைப் பெண்கள் தூக்கினார்கள். வெளியே மஞ்சுமூட்டம் இறங்கியிருந்தது. "நனைஞ்சா காப்பி கெட்டுரும்" என்று ரைட்டர் பதறினார்.

"நனைய விடமாட்டோமுங்க. அது நாங்க பறிச்சது." சுதாராணி முதல் மூட்டையைத் தலைமையாசிரியர் அறையில் கொண்டுபோய் இறக்கினாள். அடுத்தடுத்து வந்த மூட்டைகள் நாற்காலியையும் பீரோவையும் மறைத்தன.

பிறகு ஷெட்டுக்குப் போனாள். சாக்கை அவிழ்க்கையில் கண்ணாடித் துண்டு விரலைக் கிழித்தது. பாதிச் சீசாக்கள் உடைந்திருந்தன. கருவிகளில் ஒன்று மட்டும் முழுசாக இருந்தது: மூன்று கால், நடுவே வட்டத் தட்டு, இரண்டு பக்கமும் குழாய். அதைத் துடைத்து, அறைக்குள் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

"இது என்னது கண்ணு?"

"ஸ்பெக்ட்ரோமீட்டர். வெளிச்சத்தைப் பிரிச்சுப் பாக்கறது." கவிப்பிரியா தொடவில்லை. "புஸ்தகத்துல கோடு போட்டுக் காட்டியிருக்குது. எப்படிப் பாக்கறதுன்னு தெரியாது."

சுதாராணி வாசலில் நின்ற தலைமையாசிரியர் பக்கம் திரும்பினாள். "சார், நீங்க என்னங்க படிச்சீங்க?"

"பிசிக்ஸ்" என்றார் சந்திரசேகர் மெதுவாக.

அவர் உள்ளே வந்து சட்டைக் கையை மடித்தார். குனிந்து குழாயில் கண்ணை வைத்து, ஒரு திருகைத் திருப்பினார். துருப்பிடித்திருந்தது. மறுபடி திருப்பினார்.

"கிட்ட வாம்மா" என்றார் கவிப்பிரியாவிடம்.

சுதாராணி வாசலில் உட்கார்ந்தாள். பரீட்சை வரும் அடுத்த வாரம்வரை அவர் தினமும் இந்த வாசலைத் தாண்டி உள்ளே போய்ச் சொல்லிக்கொடுக்கிறாரா என்று அவள் பார்க்கப்போகிறாள்.