ராகு காலத்துக்கு எல் போர்டு

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு ராகு காலம் உமையாள் வீட்டுக்கு வரவேண்டிய முறை. அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் எண்பத்து நான்கு வீடுகள். முன்பெல்லாம் அவர் எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் வந்துகொண்டிருந்தார். அசோசியேஷன் கூட்டத்தில் பேசி, ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று முறை வைத்தார்கள். அவருக்கும் அலைச்சல் மிச்சம்.

அவரால் பெரிய தொந்தரவு கிடையாது. அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வருவார். கேட்டில் உள்ள பதிவேட்டில், வந்த காரணம் என்ற கட்டத்தில் 'வழக்கம்போல்' என்று எழுதுவார். எலுமிச்சம்பழ ஜூஸ் குடித்துவிட்டு ஒன்றரை மணி நேரம் சோபாவில் உட்கார்ந்திருப்பார். என்ன, அவர் இருக்கும் இடத்தில் எதுவும் தொடங்காது. ஓடிக்கொண்டிருப்பது ஓடும், நின்றுபோனது மறுபடி கிளம்பாது. வீட்டுக்காரர்கள் வெளியே போனால் அவரும் கூடவே போவார். வந்த விருந்தாளியைத் தனியாக விட்டுப் போக யாருக்குத்தான் மனசு வரும்?

உமையாளுக்கு அதே வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு டிரைவிங் டெஸ்ட்.

இருபத்தாறு வருடமாகக் காரில் கணவர் சாத்தப்பனுக்கு இடது பக்கத்திலேயே உட்கார்ந்து அவளுக்கு அலுத்துவிட்டது. தங்கை வீட்டுக்குப் போவதென்றால்கூட அவர் பேப்பரை வரி விடாமல் படித்து முடிக்க வேண்டும். ஐம்பது வயதில் துணிந்து எல்.எல்.ஆர். வாங்கினாள். முதல் டெஸ்டில் என்ஜின் மூன்று தடவை நின்றுபோனது. இரண்டாவது டெஸ்ட் குளிகையில் அமைந்தது; குளிகையில் செய்தால் திரும்பச் செய்யத்தானே வேண்டும். இது மூன்றாவது. எல்.எல்.ஆர். அன்றோடு காலாவதி. விட்டால் மறுபடி முதலிலிருந்து.

முறையை மாற்றிக்கொள்ள யாராவது இரங்குவார்களா என்று படியேறி இறங்கினாள். பி-12 அனுராதா வீட்டில் அன்றைக்குப் புது ஃப்ரிட்ஜ் இறங்குகிறது. ஏ-7இல் மாப்பிள்ளை வீட்டார் முதன்முதலாக வீடியோ காலில் வருகிறார்கள். "தப்பா நினைக்காதீங்க ஆச்சி" என்று எல்லோரும் கையை விரித்தார்கள். உமையாளுக்கு அழுகையே வந்துவிட்டது. அழுது முடித்ததும் யோசித்தாள்.

வெள்ளிக்கிழமை பத்து இருபதுக்கு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, வண்டியைக் கிளப்பி நசுக்கினாள். பத்தரைக்கு ராகு காலம் வந்தபோது என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் தரையில் கிடந்த பழத்தைப் பார்த்தார்.

"நல்ல பழம். வீணாக்கிட்டீங்களே ஆச்சி."

"பாட்டில்ல ஜூஸ் வச்சிருக்கேன். பின்னாடி ஏறிக்குங்க. டெஸ்டுக்குப் போறோம்."

லைசென்ஸ் உள்ளவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதால் சாத்தப்பன் இடது சீட்டில் உட்கார்ந்தார். அந்தப் பக்கம் அவருக்குப் பழக்கமில்லை. வழியெல்லாம் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார்.

"சிக்னல்ல ஆஃப் பண்ணிக்கோயேன், உமையா. பெட்ரோல் மிச்சமாகும்" என்றார்.

"பன்னிரண்டு மணி வரைக்கும் சாவியத் தொடமாட்டேன். பேசாம வாங்க."

டெஸ்ட் மைதானத்துக்குள் அவர்கள் நுழைந்ததும், வரிசையில் நின்ற ஏழெட்டு வண்டிகளும் கிளம்ப மறுத்தன. பிரேக் இன்ஸ்பெக்டர் ஓடுகிற ஒரே வண்டியை நோக்கி வந்தார். சாத்தப்பன் இறங்க, அவர் ஏறினார். பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"யார் இது?"

"ராகு காலம் சார்."

"பெல்ட் போடச் சொல்லுங்க." படிவத்தில் பேனாவை வைத்தார். எழுதவில்லை. உதறிப் பார்த்தார். "சரி, டெஸ்ட் ஆரம்பிக்கணுமே, எப்படி?"

"ஆரம்பிச்சு ஆறு மாசம் ஆச்சு சார். எல் போர்டு கட்டுன அன்னைக்கே ஆரம்பிச்சாச்சு. இன்னைக்கு முடிக்கத்தான் வந்திருக்கேன்."

இன்ஸ்பெக்டர் யோசித்தார். 'தொடங்கிய நாள்' என்ற கட்டத்தில் ஆறு மாதத்துக்கு முந்தைய தேதியைப் போட்டார். பேனா எழுதியது.

"அப்ப முடிச்சுக் காட்டுங்க."

மைதானத்தைச் சுற்றி வந்தாள். கியர் சரியாக விழுந்தது. கடைசியில் மேட்டில் நிறுத்தி ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார். முதல் டெஸ்டில் என்ஜின் நின்றது அங்கேதான். கிளட்சை விட்டதும் வண்டி குளிர்ஜுரம் கண்டதுபோல் நடுங்கியது. நின்றுபோனால் பன்னிரண்டு வரை கிளம்பாது. டெஸ்ட் நேரமோ பதினொன்றரையோடு சரி; இன்ஸ்பெக்டர் இறங்கிப் போய்விடுவார். பின் சீட்டில் ராகு காலம் இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டார்.

"மெதுவா, ஆச்சி" என்றார் கிசுகிசுப்பாக. "நான் ஒண்ணும் பண்ணல."

அவள் காலை நூலிழையாக உயர்த்தினாள். நடுக்கம் அடங்கியது. வண்டி சொன்ன பேச்சு கேட்டுப் பின்னால் வந்து கோட்டுக்குள் நின்றது. இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டார். அவளுக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்தே வந்தன.

திரும்பும் வழியில் ராகு காலம் அவள் கியர் மாற்றுவதையே பார்த்துக்கொண்டு வந்தார். குடியிருப்பு வாசல் தெரிந்ததும் மெல்லக் கேட்டார்.

"எனக்கும் ஓட்டக் கத்துக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. ஆனா நான் இருக்கறப்போ ஆரம்பிக்க முடியாதே. இதுவரைக்கும் எதையும் ஆரம்பிச்சதே இல்ல ஆச்சி."

"இதுக்குப் போயா கவலை? நான் ஆரம்பிச்சு வைக்கிறேன்."

அடுத்த வெள்ளிக்கிழமை முறை பி-12க்கு. உமையாள் கேட்டதும் அனுராதா சந்தோஷமாகவே விட்டுக்கொடுத்தாள். பத்து இருபதுக்கு உமையாள் பாடத்தைத் தொடங்கி, வண்டியை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தாள். பத்தரைக்கு அவர் வந்தார். என்ஜினை நிறுத்தாமல் அவள் இடது பக்கம் நகர்ந்துகொண்டாள். இந்தத் தடவை அந்தப் பக்கம் அவளுக்கு அலுக்கவில்லை.

புது வருடக் காலண்டரில் ராகு கால நேரத்துக்குப் பக்கத்தில், 'போக்குவரத்து நெரிசலைப் பொறுத்து' என்று சின்ன எழுத்தில் அச்சாகியிருந்தது. உமையாள் அதை ஆணியில் மாட்டிவிட்டு, கார் சாவியை எடுத்துக்கொண்டு கீழே போனாள். பார்க்கிங்கில் எமகண்டம் கையில் எல் போர்டோடு காத்திருந்தார்.