தையல்காரரின் கட்டைவிரல்

தையல்காரர் செத்த பிறகும் அவருடைய வலது கட்டைவிரல் வேலையை நிறுத்தவில்லை. கூடத்தில் கிடத்தியிருந்த உடம்பு விறைத்துப்போயிருக்க, அந்த விரல் மட்டும் கீழிருந்து மேலாக எதையோ தள்ளிக்கொண்டிருந்தது. மேசைமேல் இருந்த அவருடைய போனில், யாரும் தொடாமலே படங்கள் நகர்ந்தன. மனைவி அதை அணைத்துப் பார்த்தாள், தானாக விழித்துக்கொண்டது. டாக்டர் வந்து, இறந்தது இறந்ததுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானத்துக்குள் நிறுவனத்து ஆள் வந்துவிட்டான். தெருவுக்கே இலவசமாக இணைய இணைப்புக் கொடுத்த நிறுவனம் அது. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து துக்கம் விசாரித்தான்.

"எங்களைப் பொறுத்தவரைக்கும் ஐயா இன்னும் இருக்காரும்மா. விரலை ஒண்ணும் பண்ணிடாதீங்க."

"ராவும் பகலும் இதையே பாத்துக்கிட்டு கிடந்தாரே, அது உங்களுக்குச் செஞ்ச வேலையா?"

"வேலை இல்லம்மா. அவரோட பொழுதுபோக்கு."

"அப்புறம் எதுக்குத் தம்பி இப்படி ஓடி வந்திருக்க?"

அவன் தேநீரைக் குடித்து முடித்தான். விரல் நின்றால் தெருவின் இணைப்பும் நிற்கும் என்று வாசலில் நின்றவர்களிடம் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனான். விரலை நூலால் கட்டிவிடலாம் என்றிருந்தாள் மனைவி. மளிகைக்காரரும் டியூஷன் டீச்சரும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நூலைக் கீழே வைத்தாள். விரல் அசைய அசையவே புதைத்தார்கள்.

சில வாரங்களில் அவர் போனில் விளம்பரங்கள் மாறின. கத்தரிக்கோலும் பைக்கும் வந்துகொண்டிருந்த இடத்தில் ஈரம் ஏறாத போர்வை, கம்பளிக் காலுறை, எறும்பு மருந்து. அவருக்கு என்ன வேண்டும் என்பது எப்போதுமே அவளுக்கு முன்னால் நிறுவனத்துக்குத் தெரிந்துவிடும். போர்வை வாங்கிக்கொண்டு போய் மண்மேட்டின்மேல் விரித்தாள்; மறுநாள் போர்வை விளம்பரம் நின்றது. எறும்பு மருந்தும் அப்படியே. வருஷங்கள் இப்படிப் போயின. அவள் அவருடைய மெஷினில் உட்கார்ந்து சம்பாதித்து, அவர் கேட்டதை வாங்கிக் கொடுத்தாள். தெருவில் மேலும் சில வீடுகளில் செத்தவர்களின் விரல்கள் நிற்காமல் போகவே, போர்வைக் கடை இடுகாட்டுக்கு எதிரிலேயே ஒரு கிளை திறந்தது.

ஒரு மழைக்காலத்துக் காலையில், இருவர் படுக்கும் அகலத்தில் மெத்தை ஒன்று போனில் வந்தது. வெகுநேரம் நகராமல் அங்கேயே நின்றது.

"ரெண்டு சட்டை பாக்கி இருக்கு. முடிச்சுட்டு வரேன்," என்றாள்.

பிறகு மெத்தையை வாங்கினாள். முகவரி கேட்கும் இடத்தில் இடுகாட்டின் பெயர் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. அவள் அதைத் திருத்தவில்லை.