கடைசி சீட்டு

விபத்துக்குப் பிறகு பஸ் டிரைவருக்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. தலையைக்கூடத் திருப்ப முடியாது. தலைமாட்டுச் சன்னல் வழியே தெருவை அவர் பார்க்கட்டும் என்று, மனைவி எதிர்ச்சுவரில் ஒரு கண்ணாடி மாட்டியிருந்தாள்.

இனி எழுந்திருக்கவே மாட்டார் என்று டாக்டர் அவளிடம் மட்டும் கையை விரித்துவிட்டார். அவளோ, "கொஞ்ச நாள்தாங்க, பழையபடி ஸ்டியரிங் பிடிப்பீங்க" என்று வாய் கூசாமல் சொல்லிவந்தாள். ஒற்றை அறை வீட்டில் அழ ஏது இடம்? அவர் தலைக்குப் பின்னால், சன்னலை ஒட்டிய மூலைதான். துண்டை வாயில் அடைத்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுது தீர்ப்பாள்.

அன்றும் அழுதுவிட்டு நிமிர்ந்தாள். முன்பொரு நாள் தூசி துடைத்தபோது கண்ணாடி இம்மியளவு திரும்பியிருக்க வேண்டும். அதற்குள்ளிருந்து அவர் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

"எப்பலேருந்து பாக்குறீங்க?" என்றாள் அவள்.

"நீ கண்ணாடியைத் துடைச்ச நாள்லேருந்து. கடைசி சீட்டுல அழறவங்க எல்லாரும், டிரைவர் ரோட்டைத்தான் பாக்குறான்னு நெனச்சுக்குவாங்க. கண்ணாடியில என் கண்ணு உனக்குத் தெரிஞ்சா, உன் கண்ணும் எனக்குத் தெரியும்."

அவள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னால தலையைத் திருப்பிக்க முடியாது," என்றார் அவர். "கண்ணாடியையாவது திருப்பி வை."