போத்தல்காரர் வீட்டு ஜனாஸா

வாப்பா விடியற்காலை ஸுபஹோடு மௌத்தாகிவிட்டார். அழுது முடித்து முகம் கழுவிய கையோடு சிரேஷ்ட விரிவுரையாளர் இன்பாஸ் செய்த முதல் வேலை, பேனையை எடுத்துப் பள்ளிவாசல் அறிவித்தலைத் திருத்தியதுதான்.

பாங்கு சொல்லும் மோதினார் ஸஜ்ஜாத் எழுதிக்கொண்டு வந்தது இரண்டே வரி. போத்தல்காரர் ஸெய்னுதீன் மௌத்தாகிவிட்டார், பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நல்லடக்கம். அந்தப் பக்கத்து வழக்கம் அதுதான். ஓர்ஸ் ஹில் சரிவிலிருந்து துறைமுகத்தடி வரைக்கும் ஸெய்னுதீன்கள் ஒரு பாடு கிடக்கிறார்கள். ஐஸ்காரரா, விறகுக்காரரா, பேக்கரிக்காரரா என்று தொழிலை முன்னால் வைத்தால்தான் சனத்துக்கு ஆள் பிடிபடும்.

வாப்பா சைக்கிளில் சாக்கைக் கட்டிக்கொண்டு உப்புவெளி கெஸ்ட்ஹவுஸ்களுக்கெல்லாம் போய் வெறும் போத்தலும் பழைய பேப்பரும் எடுத்து விற்றவர். போத்தல் என்றால் தேன் போத்தலா? சாராயப் போத்தல்தான்! ஒரு சொட்டு நாக்கில் படாத மனுசன், ஒரு வக்துத் தொழுகை தவறாத மனுசன், அவருக்கு அப்படி ஒரு பேர். அவருக்கு அதில் ஒரு கவலையும் இருந்ததில்லை. கவலையெல்லாம் மகனுக்குத்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இன்பாஸ் படித்தவர்கள் மத்தியில் பேரெடுத்ததே இந்தக் 'காரர்' என்ற விகுதியை வைத்துத்தான். வடமொழியில் செய்கிறவன் என்ற பொருளோடு புறப்பட்ட 'கார', இந்தியில் வாலைச் சுருட்டிக்கொண்டு கலாகார் என்று நிற்கும். மலையாளத்தில் காரன், காரி. சிங்களத்தில் நீட்டி முழக்கிக் காரயா. தமிழில் மரியாதை இருந்தால் காரர், இல்லாவிட்டால் காரன். போர்த்துக்கீசன் விட்டுப்போன சொல்லோ ஒல்லாந்தன் விட்டுப்போன சொல்லோ இங்கிலீசுக்காரன் விட்டுப்போன சொல்லோ, எதன் முதுகிலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். "இது இனம் பார்க்காத விகுதி, மதம் பார்க்காத விகுதி" என்று கொழும்பு மண்டபங்களில் அவர் சொல்லும்போது கைதட்டல் பறக்கும். நூறு உதாரணம் சொல்வார். அதில் போத்தல் மட்டும் இருக்காது.

"ஸஜ்ஜாத், இதை வாசிக்க வேணாம். நான் எழுதித் தாறதை வாசியுங்க" என்றார்.

ஸஜ்ஜாத் வாங்கிப் பார்த்தார். மர்ஹூம் முகம்மது காஸிம் அவர்களின் அருமைப் புதல்வரும், சிரேஷ்ட விரிவுரையாளர் இன்பாஸ் அவர்களின் பாசமிகு தந்தையுமாகிய ஜனாப் ஸெய்னுதீன் அவர்கள்.

"சேர், நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆரெண்டு சனத்துக்கு விளங்காதே."

"விளங்கும். சனம் என்ன மடையனுகளா?"

உள்ளேயிருந்து மூத்த சகோதரி பஸ்மியா வந்தாள். வாப்பாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்தவள் அவள்தான்.

"தம்பி, அந்தப் பேர்ல உனக்கு என்னடா குறை? அந்தப் போத்தல்லதானே நீ படிச்ச?"

"மௌத்தான அண்டைக்காவது வாப்பாவை மனுசனா அனுப்புவம் ராத்தா."

மையித்து வீட்டில் சண்டை வேண்டாமென்று பஸ்மியா உள்ளே போய்விட்டாள்.

அறிவித்தல் போனது. ஒலிபெருக்கியில் கேட்க இன்பாஸுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வாடகைக் கதிரைகள் வந்தன. தேத்தண்ணிக்கு அடுப்பில் தண்ணீர் கொதித்தது. வெயில் ஏறியது. பக்கத்து வீட்டார் வந்தார்கள், எதிர்வீட்டார் வந்தார்கள், அவ்வளவுதான். நடுப்பகல் லுஹரும் முடிந்தது. கதிரைகள் சும்மா கிடந்து சூடேறின.

"சந்தூக்குத் தூக்க ஆள் இல்லாம என்ட வாப்பா போகப்போறாரா?" என்று பஸ்மியா வெடித்து அழுதாள். "ஊர்ல எந்த மையித்துக்கும் முதல் ஆளா போய் நிண்ட மனுசனடா! அவருக்குத் தொழ ஒரு ஸப்பு, ஒரு வரிசை நிறைய ஆளில்ல!"

இன்பாஸ் சும்மா கிடந்த கதிரையொன்றை நிழலுக்கு இழுத்துப் போட்டார்.

அப்போதுதான் படலையைத் தள்ளிக்கொண்டு ஒரு முதியவர் வந்தார். துறைமுகத்தில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்த இன்னொரு ஸெய்னுதீன். முகம் கோபத்தில் சிவந்திருந்தது.

"என்ன வேலை பார்த்து வச்சிருக்கீங்க? விடிஞ்சதில இருந்து என்ட வீடு முட்டச் சனம்! நான் கதிரையில இருந்து தேத்தண்ணி குடிக்கிறன், வாறவன் போறவனெல்லாம் என்னைப் பார்த்து அழுறான்! மூதூர்ல இருந்து என்ட மச்சாள் ஒப்பாரியோட பஸ் ஏறிட்டாள். விரிவுரையாளர்ட வாப்பா எண்டா கிளாக்கர் ஐயாதான் எண்டு முடிவு கட்டிட்டானுகள். ஓய், நான் இன்னும் மௌத்தாகல்ல!"

சிரிக்கக்கூடாத இடம். ஆனாலும் எதிர்வீட்டுக்காரர் லேஞ்சியை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

பஸ்மியா கண்ணைத் துடைத்துக்கொண்டு மோதினாரிடம் திரும்பினாள். "ஸஜ்ஜாத், போய் ஒழுங்கான பேரைச் சொல்லுங்க."

ஸஜ்ஜாத் இன்பாஸைப் பார்த்தார். "சேர் சொன்னாத்தான்."

"என்னமும் செய்யுங்க" என்றார் இன்பாஸ், முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு. தன் வாயால் அந்தப் பேரை இப்போதும் சொல்லவில்லை என்பதில் அவருக்கு ஓர் ஆறுதல்.

ஒலிபெருக்கி திரும்பவும் கரகரத்தது. போத்தல்காரர் ஸெய்னுதீன்.

அவ்வளவுதான், ஊர் எழுந்தது. "அல்லாவே, நம்மட போத்தல்காரரா?" என்று கடைகளைப் பாதி சாத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். மீன் வாடியிலிருந்து சாரத்தை மடித்துக் கட்டியபடி வந்தார்கள். உப்புவெளி கெஸ்ட்ஹவுஸ்களுக்குப் போன் போனது. அங்கிருந்து சிங்கள முதலாளிமார் "அபே போத்தல் காரயா" என்று, அதாவது நம்மட போத்தல்காரர் என்று, சொல்லிக்கொண்டு வான் வண்டியில் வந்து இறங்கினார்கள். வெருகல் பக்கத்து வேலாப்போடி, வாப்பாவோடு சந்தையில் பழகியவர், பஸ் பிடித்து வந்து படலையடியில் நின்று விம்மினார். இன்பாஸ் மேடையில் சொன்னதெல்லாம் உண்மை. அந்த விகுதி இனமும் பார்க்கவில்லை, மதமும் பார்க்கவில்லை. தந்தியை விட வேகமாகப் போனது.

மையித்து கிடந்த சந்தூக்குக்குத் தோள் கொடுக்க அடிபிடி. இன்பாஸ் சந்தூக்கின் ஒரு காலைப் பிடித்தார், யாரோ வாங்கினான். திரும்பப் பிடிக்கப் போனார், அதற்குள் அது எங்கேயோ போய்விட்டது. மையவாடிக்குப் போய்ச் சேரும்போது அவர் கூட்டத்தின் வாலில் கிடந்தார்.

முன்னாலிருந்து மௌலவியின் குரல் கேட்டது. "கபுறுக்குள்ள இறக்க மகன் வாங்க."

இன்பாஸ் முண்டியடித்தார். மூதூரிலிருந்து வந்த தடித்த மீன் முதலாளி ஒருவர் குறுக்கே கையைப் போட்டார்.

"எங்க போறீங்க? கொஞ்சம் நில்லுங்க. மகன் வரட்டும்."

"நான் இன்பாஸ்."

"ஆரு?"

"சிரேஷ்ட விரிவுரையாளர் இன்பாஸ். விடுங்க!"

"நீங்க ஆரா இருந்தாலும் இருங்க, சேர். முதல்ல போத்தல்காரர்ட மகனுக்கு வழிய விடுங்க."

"மகன் இல்லையா?" மௌலவி மறுபடி கேட்டார். "இல்லாட்டி மருமகன் இறங்கட்டும். நேரம் போகுது."

பஸ்மியாவின் புருஷன் சேர்ட்டுக் கையை மடிப்பது, தலைகளுக்கு இடையால் இன்பாஸுக்குத் தெரிந்தது. அந்த ஆள் ஒரு காலைக் குழிக்குள் வைத்தும்விட்டார்.

"நான்தான்!" இன்பாஸ் கத்தினார். குரல் உடைந்து பிளிறியது. "நான்தான் போத்தல்காரர்ட மகன்! போத்தல்காரர்ட மகன் நான்! என்னை விடுங்க!"

மீன் முதலாளி சட்டென்று கையை எடுத்தார். "முதல்லயே சொல்லியிருக்கலாமே, மகன்" என்று அவர் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளிவிட்டார்.