பூனை அளவுப் புகை

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு, சலவைக்கூடத்தின் பாய்லர் அணைந்ததும், அதன் புகை முதலாளியின் பின்னாலேயே நடந்து அவர் வீட்டுக்கு வந்தது. ஆள் உயரம் இருந்தது. சாப்பாட்டு மேசையில் அவர் மனைவியின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. தினமும் வந்தது. மூன்றாவது வாரம், "நான் இருக்கணுமா, அது இருக்கணுமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க" என்று இருமியபடி சொல்லிவிட்டு, மனைவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவிலிருந்த தங்கை வீட்டுக்குப் போனாள்.

முதலாளி விலையுயர்ந்த வடிகட்டி ஒன்றை வாங்கிப் புகைபோக்கியில் மாட்டினார். புகை வாசல் வழியாக வெளியேறி வழக்கம்போல வந்தது. 'புகையைக் குறைப்போம்' என்று பலகை எழுதி வைத்தார். புகை அதன் முன் சற்று நின்று பார்த்துவிட்டு வந்தது. வேறு வழி தெரியாமல், பதினோரு வருடத்தில் முதல் தடவையாக, ஆறு வேலையாட்களையும் உட்காரவைத்து என்ன செய்யலாம் என்று கேட்டார். "இப்பவாவது கேட்டீங்களே மொதலாளி," என்றாள் இஸ்திரி அக்கா. "நாலே நாலு சட்டைய உள்ள போட்டுட்டு மெஷின ஓட்டச் சொல்றது யாரு, நானா?" குழாய்களுக்குப் பழைய கம்பளியைச் சுற்றினாலே கால்வாசி விறகு மிஞ்சும் என்றார் பாய்லர்காரர். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றதற்கு, "என்னை விறகு தள்ளத்தானே வெச்சிருக்கீங்க?" என்றார்.

கம்பளி சுற்றிய அன்று வந்த புகை முதலாளியின் தோள் உயரம்தான் இருந்தது. அதன்பிறகு திங்கட்கிழமை காலையில் அரைமணி நேரம் பேச்சுக்கென்றே ஒதுக்கப்பட்டது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் துணியைக் கொடுக்குமுன், எந்தக் குழாயில் சூடு வீணாகிறது என்று தொட்டுப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். நல்ல யோசனை சொன்னவருக்கு அரைநாள் விடுப்பு கிடைத்தது. ஒவ்வொரு யோசனைக்கும் புகை கொஞ்சம் சிறுத்தது. முதலாளி யாரையும் கேட்காமல் தன் இஷ்டத்துக்கு ஒன்றைச் செய்த வாரத்தில் மட்டும் ஒரு முழம் வளர்ந்தது. சனிக்கிழமைதோறும் அவர் கொழுந்தியாள் வீட்டு வாசலில் நின்று, "இடுப்பு வரைக்கும் வந்துடுச்சும்மா" என்பார். "முழங்காலுக்கு வரட்டும், பாக்கலாம்" என்று ஜன்னல் வழியாகப் பதில் வரும்.

இரண்டு வருடத்தில் அது பூனை அளவுக்கு வந்தபோது மனைவி திரும்பினாள். "இவ்வளவுதானா? இதுக்கா நான் போனேன்? தள்ளு, என் நாற்காலி" என்றாள். அது ஜன்னலோரம் போய் உட்கார்ந்தது. அதற்குமேல் அது சிறுக்கவில்லை; துணி வெளுக்கிற வேலை இருக்கும்வரை அவ்வளவு புகை இருக்கத்தான் செய்யும் என்றார் பாய்லர்காரர். இப்போதெல்லாம் மாலை ஐந்தரை தாண்டியதும் மனைவி கதவைத் திறக்கிறாள். முதலாளி உள்ளே வந்து செருப்பைக் கழற்றிய பிறகும், சின்னக் கால்களுக்கு நேரமாகும் என்று, இன்னும் கொஞ்சம் திறந்தே வைத்திருக்கிறாள்.