கோட்டைக்குப்பத்து மிஷினுக்கு விழுந்த பாடு

கோட்டைக்குப்பத்து மிஷினுக்குப் பாடு வந்த செவ்வாய்க்கிழமை காலை, உலகத்திலுள்ள மற்ற பிட்காயின் மிஷின்கள் எல்லாம் பத்து நிமிடம் சும்மா இருந்தன. எங்கேயும் கரண்டு போகவில்லை. விளக்குகள் எரிந்தன, லிஃப்டுகள் ஓடின. அன்றைக்குப் பழவேற்காட்டில் வெள்ளை இறால் கிலோ நானூற்றைம்பது.

மிஷினின் சொந்தக்காரன் தனசேகர். பிட்காயின் விலை உச்சத்தில் இருந்த வருடம், பெண்டாட்டி வெண்ணிலாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தன் பைபர் போட்டையும் எஞ்சினையும் விற்று, கணக்குப் போட்டு பிட்காயின் சம்பாதிக்கிற, யாரோ கழித்துக்கட்டிய மிஷின்கள் சிலவற்றை வாங்கி வலைக் கொட்டகையில் அடுக்கினான். அந்தப் போட்டில் பாதி வெண்ணிலாவின் நகை. ஆரம்பத்தில் கொஞ்சம் காசு வரத்தான் செய்தது; அவனும் காலர் வைத்த சட்டையோடு பொன்னேரிக்குப் போய்வந்தான். பிறகு எங்கோ ஒரு நாட்டில் புது சிப் செய்தார்கள். தனசேகரின் மிஷின் நாள் முழுக்க முக்கி முனகிப் போடுகிற கணக்கை அது காபி ஆறுவதற்குள் போட்டது. அப்படிப்பட்ட மிஷின்கள் பெருகப் பெருகக் கணக்கும் கடினமாகிக்கொண்டே போனது. அதற்கு மேல், கணக்கை முடித்தவனுக்குக் கிடைக்கிற காசும் பாதியாகக் குறைந்தது. பிட்காயின் விலை ஏறினாலும், கரண்டுக்குக் கட்டியது போக அவனுக்கு மிஞ்சியது மிஷின் விடுகிற சூடு மட்டும்தான். வெண்ணிலா அதில் நெத்திலி காயப்போட்டாள். தனசேகர் அடுத்தவர் போட்டில் கூலிக்குப் போனான்.

கரண்டு பாக்கியைக் கட்டாவிட்டால் செவ்வாய் மதியம் பியூஸைப் பிடுங்கிவிடுவோம் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போன அன்று, வெண்ணிலா முதல்முறையாக இந்தத் தொழில் என்னதான் என்று கேட்டாள்.

"பத்து நிமிசத்துக்கு ஒரு தபா காசு விழும். உலகமே போட்டி போடும். மொதல்ல கணக்க முடிக்கிறவனுக்குத்தான் அது. மத்தவன் எரிச்ச கரண்டெல்லாம் தண்டம்."

"அப்போ எல்லாரும் ஒரே எடத்துல வல கட்றாங்களா? பாடு இன்னா ஆச்சு?"

"அதுக்கெல்லாம் பாடு கெடையாதுமே."

"பாடே இல்லாத எடத்துக்கா என் போட்ட வித்துட்டுப் போன?"

பழவேற்காடு ஏரியில் இறால் ஓடுகிற இடங்கள் சிலதான். எல்லோரும் ஒன்றாக வலை கட்டினால் ஒருவருக்கும் தேறாது என்பதால், இன்ன இடம் இன்ன நாள் இன்னாருக்கு என்று குடத்தில் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். அதுதான் பாடு. அடுத்தவர் நாளில் அங்கே வலை இறக்க யாருக்கும் மனசு வராது. இவ்வளவு பெரிய உலகத்தில் இதைச் சொல்லித்தர ஒருவரும் இல்லையா என்று வெண்ணிலாவுக்கு ஆத்திரமே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அம்மன் கோயில் வாசலில் பாடு எடுக்கும்போது, ஊர்த் தலைவர் தருமலிங்கத்தின் முன்னால் போய் நின்றாள்.

"பெரிப்பா, மிஷினுக்கும் ஒரு சீட்டுப் போடுங்க. ஒரு நாளு, பத்து நிமிசம் போதும்."

ஆண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தருமலிங்கம் சிரிக்கவில்லை. ஏரியில் யாருடைய இடமும் இதனால் குறையாது என்பதை மட்டும் யோசித்துவிட்டு, தனசேகர் பேருக்கு ஒரு சீட்டும், உலகத்தில் பாக்கி எல்லாருக்கும் சேர்த்து 'வெளியூர்' என்று பல சீட்டுகளும் எழுதிக் குடத்தில் போட்டார். செவ்வாய்க்கிழமை காலை தனசேகருக்கு விழுந்தது. பாக்கி நேரமெல்லாம் வெளியூருக்கு.

செவ்வாயன்று தனசேகர் நம்பிக்கை இல்லாமல்தான் சுவிட்சைப் போட்டான். இருப்பதிலேயே பழைய மிஷின் ஒன்று மட்டும் மிக்ஸிபோல இரைந்தது. அதே நேரத்தில் பனி பெய்கிற ஊர்களிலும் அணைக்கட்டு ஓரங்களிலும் இருந்த பெரிய பெரிய கிடங்குகளில் புத்தம்புது மிஷின்கள் தாமாகவே ஒதுங்கி நின்றன. போட்டியில்லாத கணக்கு எளிதாக இளகிக் கொடுத்தது. பத்தாவது நிமிடம் மூன்று பிட்காயினும் சில்லறையும் தனசேகர் பேரில் விழுந்தன. பியூஸைப் பிடுங்க வந்த ஆள் பாக்கியை வாங்கிக்கொண்டு, நெத்திலிக் கருவாடும் வாங்கிக்கொண்டு போனார். அந்த வாரமே போட் திரும்பி வந்தது. இந்த முறை அது வெண்ணிலா பேரில். மிச்சத்தில் ஊர்ப் பங்கு போக, கூலிக்குப் போய்க்கொண்டிருந்த வீடுகளுக்கெல்லாம் வலை வந்தது. வெண்ணிலா தெருவில் நிமிர்ந்து நடந்தாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

எரிக்கிற கரண்டுதான் பிட்காயினுக்கு மதிப்பு, முறை வைத்தால் விலை படுத்துவிடும் என்று பெரிய ஊர்களில் எழுதினார்கள். விலை படுக்கவில்லை, கொஞ்சம் ஏறக்கூடச் செய்தது. அடித்துப் பிடிக்காமல் வருகிற காசை ஜனங்கள் கூடுதலாகவே நம்பினார்கள். அடுத்த தடவை பாடு எடுக்கும்போது கஜகஸ்தானிலிருந்து ஒரு கிடங்கு முதலாளி வந்து மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கல்யாணம் ஆனவருக்குத்தான் சீட்டு என்பது ஊர் வழக்கம்.

"கல்யாணம் ஆயிடுச்சாப்பா?" என்று தருமலிங்கம் கேட்டார். வந்தவர் செல்போனில் மனைவி படத்தைக் காட்டியதும் அவர் பேரும் குடத்தில் விழுந்தது.

அவருக்கு வந்தது வியாழக்கிழமை. அன்று காலை தனசேகரின் மிஷின் தானாகப் பத்து நிமிடம் நின்றது. கொட்டகையில் சூடு இல்லாததால் வெண்ணிலா நெத்திலியை வெயிலில் பரப்பிவிட்டு, தன் போட்டைத் தண்ணீரில் தள்ளப் போனாள்.